டப்பா மந்திரித்த நாள்

டப்பாவைத் திறந்ததும் முதலில் இடியாப்பம் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளை வெளேரென்று இழை இழையாகச் சுருண்டு கிடந்தது. காலையில் நான் போட்டு வைத்தது சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். இடியாப்பம் எங்கிருந்து வந்தது என்று விரலால் தொட்டேன். ஈரமாக இருந்தது. கிள்ளினால் பிய்யாமல் இழுபட்டது. துணி வெட்டுகிற மேசையில் விழுகிற பனியன் வேஸ்ட். யாரோ அதைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, டப்பா நிறைய அமுக்கி வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு அந்தோணியார் திருநாள். விடிந்ததும் கோவிலில் வைத்து மந்திரித்து எடுத்துக்கொண்டு வந்த டப்பா அது. மதியம் ஒன்றரை மணி இருக்கும். கம்பெனியின் சாப்பாட்டு ஷெட்டில் தகரக் கூரை கொதித்தது. சுற்றிலும் ரசத்தின் வாசனையும் ஊறுகாய் வாசனையும். எனக்கு அகோரப் பசி. பசி வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. பசி இல்லாதபோதும் அப்படித்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

இந்தத் தொடரில் இதுவரை என் மாமியாரைக் குறை சொல்லியாயிற்று. முதலாளியை, லைன் வீட்டுத் தண்ணீர்க் குழாயை, அந்தக் குழாயடியில் என்னோடு சண்டை போட்டவர்களை எல்லாம் ஒரு கை பார்த்தாயிற்று. உங்களுக்கு யாரையுமே பிடிக்காதா என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. இந்த வாரம் என் முறை.

குறை பார்க்கிற வேலை

எனக்குச் செக்கிங்கில் வேலை. தைத்து வந்த பனியனை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, முன்னே, பின்னே, உள்ளே, வெளியே என்று புரட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்ட இடமோ தெரிந்தால் அங்கே அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். நாள் முழுக்க நின்றபடி இதுதான். முப்பது வருஷம் செய்தேன்.

முப்பது வருஷம் குறையை மட்டும் பார்த்த கண்ணுக்கு வேறு எதுவும் தெரிவதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ரவிக்கைத் தோளில் இழுத்துத் தைத்திருப்பது கண்ணில் படும். கம்பெனியில் எனக்குச் செக்கிங் லூர்து என்று பெயர். அதைப் பெருமை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கால் இரண்டும் மாலையானால் வீங்கிவிடுகின்றன. கண்ணில் புரை. வேலையை விட்டுவிட்டேன். ஆனால் பழைய விஷயம் ஒன்று மட்டும் என்னை விட்டபாடில்லை. போன மாதம் கோவிலிலிருந்து சின்னச் சாமியார் வந்தார். இருபதுகளில் இருக்கிற, நன்றாகப் பாடுகிற துணைப் பங்குச் சாமியார். கோவிலுக்கு விழா மலர் போடுகிறார்கள். அதில் டப்பா மந்திரிப்பு எப்படித் தொடங்கியது என்று நான் எழுதித் தர வேண்டுமாம். அந்த அற்புதத்தை நேரில் பார்த்தவர்களில் நம் கோவிலில் மிச்சம் இருப்பது நீங்கள்தானே என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த அற்புதம் நான் சொன்ன பொய். மலரில் என் பெயரோடு அச்சில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு அதை யாரும் அழிக்க முடியாது.

அசனம் போட முடியாத ஊர்

டப்பா மந்திரிப்பு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்தோணியார் திருநாளன்று காலையில், கம்பெனிக்குக் கொண்டுபோகிற மதியச் சாப்பாட்டு டப்பாவைப் பீடத்துக்கு முன்னால் இருக்கிற மேசையில் வைக்க வேண்டும். பூசை முடிந்ததும் சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். பிறகு ஆளுக்கு ஒரு டப்பா எடுத்துக்கொள்ளலாம். தன்னுடையதை மட்டும் எடுக்கக் கூடாது. சாயங்காலம் காலி டப்பாக்களைக் கழுவிக் கொண்டுவந்து அதே மேசையில் வைத்துவிடுவோம்.

போன வருஷம் எனக்கு ஜார்க்கண்ட் பெண் ஒருத்தியின் டப்பா வந்தது. சப்பாத்தியும், கடுகெண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கும். கடுகெண்ணெய் வாசனை எனக்குப் பிடிக்காது. தின்றேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, தேரிக்காட்டுப் பக்கம். அங்கே திருநாள் என்றால் அசனம். அண்டா அண்டாவாகச் சோறு பொங்கி, கிடா அடித்து, சாதி மதம் பார்க்காமல் வந்தவர்களுக்கெல்லாம் மணலில் இலை போடுவார்கள். திருப்பூருக்குப் பிழைக்க வந்த நாங்கள் அதை எங்கே போடுவது? திருநாள் வேலை நாளில் வரும். ஷிப்மெண்ட் இருக்கும். அந்தோணியாருக்காகக் கப்பல் காத்திருக்காது.

கோவில் என்று நான் சொல்வதும் அப்போது ஒரு பழைய நூல் குடோன்தான். வாடகைக்கு எடுத்து வெள்ளையடித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த அந்தோணியார் சுரூபத்தை வைத்திருந்தோம். மழை பெய்தால் சுரூபத்துக்குக் குடை பிடிக்க வேண்டும். நல்ல வெயிலில் சுவரிலிருந்து பஞ்சு வாசனை வரும்.

அப்போதிருந்த சாமியார் வயதானவர். ஸ்கூட்டரில் வருவார். அசனம் போட முடியவில்லையே என்று நாங்கள் புலம்பியதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் அவர்தான் ஒரு வழி சொன்னார். எப்படியும் சோறு கட்டிக்கொண்டுதானே வேலைக்குப் போகிறீர்கள், அந்த டப்பாவையே கொண்டுவந்து வையுங்கள், மந்திரித்துத் தருகிறேன், மதியம் சாப்பிடும்போது அதுவே திருநாள் விருந்து என்றார். அது எங்களுக்குப் பிடித்துப்போனது. செலவும் இல்லை, நேரமும் போகாது.

அந்த முதல் வருஷம் பிரசங்கத்தில் அந்தோணியார் ரொட்டியின் கதையைச் சொன்னார். பதுவா நகரத்தில் ஒரு தாயின் பிள்ளை தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போனது. என் பிள்ளையைத் திருப்பித் தந்தால் அவன் எடைக்கு எடை தானியம் ஏழைகளுக்குக் கொடுப்பேன் என்று அவள் அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்தது. அன்றிலிருந்துதான் அவர் திருநாளில் ரொட்டி மந்திரிக்கிற வழக்கம் வந்தது. ஆகவே அந்தோணியார் பேரில் மந்திரித்த உணவு மந்திரித்தவுடன் உங்களுடையது இல்லை, அது பசித்தவர்களுடையது என்று முடித்தார்.

நாங்கள் ஆமென் சொன்னோம். வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அவரவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு விழுந்தடித்து ஓடினோம்.

சிவப்பு ஸ்டிக்கர்

எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும். தீபாவளிக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் கொடுத்த எவர்சில்வர் டப்பா, உள்ளே குழம்புக்கு ஒரு கிண்ணம். நான் வழக்கம்போலக் கடைசி ஆள். மேசையில் ஒரே ஒரு டப்பாதான் மிச்சம் இருந்தது, அது என்னுடையதாகத்தானே இருக்க வேண்டும். கையில் தூக்கினேன், கனம் சரியாக இருந்தது.

மதியம் திறந்தபோதுதான் ஈர வேஸ்ட். யாரோ விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் எல்லோரையும் பாடாய்ப் படுத்துகிறவள். எனக்குப் பாடம் கற்பிக்க ஆசைப்படுகிறவர்கள் அந்த ஷெட்டில் குறைந்தது இருபது பேர் இருப்பார்கள்.

ஏப்ரன் பையில் ஸ்டிக்கர் தாள் இருந்தது. ஒன்றைக் கிழித்து டப்பா மூடியின் நடுவில் ஒட்டினேன். நடு மேசையில் நங்கென்று வைத்துவிட்டு, ரிஜெக்ட் பீஸ் ஒன்று வந்திருக்கிறது, தைத்த மகராசி வந்து வாங்கிக்கொண்டு போகலாம் என்று உரக்கச் சொன்னேன். ஷெட்டே சிரித்தது. மூடியைத் திறந்து உள்ளே இருந்ததையும் தூக்கிக் காட்டினேன். இன்னும் சிரித்தார்கள்.

சுவரோரம், எப்போதும் தனியாக உட்காருகிற இடத்திலிருந்து பழனாத்தாள் எழுந்து வந்தாள்.

பழனாத்தாள் இந்தப் பக்கத்துக்காரி. பொங்கலூர் பக்கம் தோட்டம். கிணறு வற்றி, தென்னை கருகி, வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகிப் பனியன் கம்பெனிக்கு வந்தவள். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற வேலை. கிறிஸ்தவள் இல்லை. ஆனால் வீட்டுக்காரருக்காக நேர்ந்துகொண்டு செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் குடோனுக்கு உப்பும் மிளகும் கொண்டுவந்து அந்தோணியார் காலடியில் வைத்துவிட்டுப் போவாள். அன்றைக்குத் திருநாள் பூசைக்கும் வந்திருந்தாள். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். பேசினால் அந்த ஊர் மரியாதை சொட்டும்.

அவள் கையில் என் டப்பா இருந்தது. மூடியிருந்தது. அதை என் முன்னால் வைத்தாள்.

“அது எம்படதுங்க்கா. தெரியாம மாத்தி எடுத்துப்போட்டனுங்க. பாதிதானுங்க தின்னேன்.”

நடு மேசையில் இருந்த தன் டப்பாவை எடுத்தாள். வேஸ்ட்டை உள்ளே போட்டு மூடினாள். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், முழுசாக வரவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

எத்தனை மாதமாக அப்படி என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். விரதம் என்பாள், வயிறு சரியில்லை என்பாள், முதுகைக் காட்டிக்கொண்டு தின்பதுபோல் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் இருந்ததைப் பிள்ளைகளுக்கும் படுத்திருந்தவருக்கும் வைத்துவிட்டு, டப்பா இல்லாமல் வந்தால் நாங்கள் கேட்போம் என்று ஈர வேஸ்ட்டைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். உள்ளே கிண்ணம் ஆடிச் சத்தம் போடாமல் இருக்க அது. கனத்துக்குத் தண்ணீர்.

அவள் திருப்பிக் கொடுத்த பாதிச் சோற்றை நான் சாப்பிடவில்லை. கொட்டவும் மனம் வரவில்லை. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் பழனாத்தாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நான் உண்டாக்கிய அற்புதம்

எங்கள் செக்ஷன் பெண்கள் எல்லோருக்கும் உறுத்தியது. நாளையிலிருந்து டப்பாக்களை ஒரே மேசையில் வைத்து, கையில் வருவதை எடுத்துச் சாப்பிடுவோம், அவள் திரும்பி வந்தால் கூச்சம் இருக்காது என்று நான்தான் சொன்னேன். ஒரு வாரம் செய்தோம். அவள் வரவில்லை. ஒருத்தியின் டப்பாவில் உப்பு அதிகம், ஒருத்தியுடையதில் முடி கிடக்கிறது என்று முணுமுணுப்பு வந்தது. முதலில் முணுமுணுத்தது யார் என்று கேட்காதீர்கள். அத்தோடு நின்றுபோனது.

அடுத்த வருஷம் அந்தோணியார் திருநாள் வந்தபோது, அன்றைக்கு ஒரு நாளாவது செய்வோம் என்று யாரோ சொன்னார்கள். அதுதான் நிலைத்தது.

அதற்குள் பழைய சாமியார் மாற்றலாகிப் போய், புதியவர் வந்துவிட்டார். டப்பாவை மாற்றி எடுக்கிறீர்களே, இது எங்கிருந்து வந்த வழக்கம் என்று என்னிடம் கேட்டார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அன்றைக்குச் சிரித்தவர்கள். நான் சொன்னேன்: ஒரு ஏழைப் பெண் காலி டப்பாவை மந்திரிக்க வைத்தாள், மதியம் திறந்தபோது அதில் சோறு இருந்தது.

ஒருவரும் மறுக்கவில்லை. சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே சொன்னார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் சொன்னார்கள். டப்பா பெரிதாகிக்கொண்டே போனது. போன வருஷக் கதையில் அந்தச் சோற்றை ஒன்பது பேர் சாப்பிட்டும் மிச்சம் இருந்தது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

அந்தக் கதையில் ஸ்டிக்கர் இல்லை. அதனால்தான் எனக்கு அது வசதியாக இருந்தது.

கொப்பரைக் களத்தில்

பழைய செக்ஷனில் பொங்கலூர்க்காரி ஒருத்தி உண்டு. சின்னச் சாமியார் வந்துபோன பிறகு அவளைப் பிடித்து விசாரித்தேன். பழனாத்தாள் காங்கேயம் ரோட்டில் ஒரு கொப்பரைக் களத்தில் வேலை செய்கிறாள் என்றாள். வீங்கின காலோடு இரண்டு பஸ் மாறிப் போனேன். போகிற வழியெல்லாம், அவள் அங்கே இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு அலுப்பு.

இருந்தாள். வெயிலில் சிமெண்ட் களம் முழுக்கத் தேங்காய் மூடிகள் மல்லாந்து காய்ந்துகொண்டிருந்தன. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்து புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“லூர்தக்காங்களா? வாங்க. நெழலுக்கு வாங்க.”

தண்ணீர் கொடுத்தாள். வீட்டுக்காரர் அந்த வருஷமே போய்விட்டதைச் சொன்னாள். பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள், இந்த வேலை வேண்டாம் என்கிறார்கள், சும்மா உட்கார முடியவில்லை என்றாள். நான் கோவில் மலரைப் பற்றிச் சொன்னேன். டப்பா மாற்றுகிற வழக்கத்தைச் சொன்னேன். அந்த அற்புதக் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன். நடந்ததை உள்ளபடி எழுதட்டுமா, நீ தெரியாமல் டப்பாவை மாற்றி எடுத்ததையும், நான் உன்னை அவமானப்படுத்தியதையும் எழுதட்டுமா என்று கேட்டேன்.

அவள் மடியில் இருந்த கொப்பரைத் தூளைத் தட்டிவிட்டாள்.

“தெரியாம எடுத்தேன்னு எழுதாதீங்க்கா. அது நாஞ்சொன்ன பொய்யிங்க. தெரிஞ்சுதானுங்க எடுத்தேன்.”

நான் ஏன் என்று கேட்கும் முன் அவளே சொன்னாள்.

“எங்கள்ள சாமிக்கு முன்னால வெச்சுட்டா அப்பறம் அது ஆருதும் இல்லீங்க. வந்தவிய எல்லாத்துக்கும்தான். உங்க சாமியாரும் அன்னிக்கு அதயேதானுங்க சொன்னாரு, பசிச்சவியளோடதுன்னு. நான் பசிச்சிருந்தனுங்க. பக்கத்துல இருந்த டப்பாவ எடுத்தேன், ஆருதுன்னு பாக்கலீங்க. எம்படத நானே ஒளிச்சு எடுத்துக்கலாம்னுதான் இருந்தேன். திரும்பிப் பாத்தா நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க. ஒருத்தருக்குச் சோறு கொறையுமேங்கிறது அப்பத் தோணலீங்க.”

பிறகு, சண்டை போடுகிற குரலே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாக என்னைக் கேட்டாள்.

“ஏனுங்க்கா, சாமியார் அத்தன சொல்லியும் நீங்கெல்லாம் அவியவிய டப்பாவையே ஏனுங்க திருப்பி எடுத்தீங்க? அதுதான் எனக்கு இன்னிக்கும் வெளங்குலீங்க.”

வேன்காரன் ஹாரன் அடித்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். அதற்காகத்தானே போனேன். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். “அதுக்கென்னுங்க்கா,” என்றாள். அந்தப் பக்கத்து மரியாதையில், அது மன்னித்ததா, மன்னிக்காமல் விட்டதா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. வயதான பெண் ஒருத்தி ஜன்னலோரம் அழுதுகொண்டு போவதை யாரும் கவனிப்பதில்லை, அது ஒரு சௌகரியம்.

மலருக்கு எழுதியது

இரண்டு பக்கம் எழுதினேன். பெயர் போட்டு எழுதினேன். அவள் பெயரையும் போட்டேன், என் பெயரையும் போட்டேன். போடுங்கள் என்று அவள்தான் சொன்னாள்.

சின்னச் சாமியார் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தார். அவர் முகம் வாடிவிட்டது. பாவம், அற்புதத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, படம்கூட வரையச் சொல்லியிருந்தாராம். அப்படியானால் டப்பா நிறையவே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒன்பது பேர்? இல்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, இந்த வழக்கத்தைத் தொடங்கினதாக நீங்கள் எழுதியிருக்கிற அந்த அம்மா நம் மார்க்கத்தைச் சேர்ந்தவரா என்று கேட்டார்.

“இல்ல சாமி,” என்றேன். “அன்னைக்கு அம்பது அறுபது பேரு உக்காந்து பிரசங்கம் கேட்டோம். கேட்டபடி செஞ்சது அவ ஒருத்திதான். அவளத்தான் நான் எல்லார் முன்னாலயும் நிக்க வச்சு சிரிச்சேன்.”